பெருக்கினால் பன்னிரண்டு, கூட்டினால் ஏழு

கௌரி அட்டைப்பெட்டியின் மூடி ஒன்றைக் கிழித்து முழங்காலில் வைத்துக்கொண்டு, அதில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். குறியின் மேல் இடுக்கில் 12 என்று எழுதினாள். கீழ் இடுக்கில் 7. இடது பக்கமும் வலது பக்கமும் காலியாக இருந்தன.

"பெருக்கினா பன்னெண்டு வரணும். அதே ரெண்ட கூட்டினா ஏழு வரணும். இன்னா நம்பரு, சொல்லு," என்றாள்.

மதியச் சாப்பாட்டு நேரம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியின் வண்டி நிறுத்தும் ஷெட். தகரக் கூரை தலைக்கு மேலே காய்ந்துகொண்டிருந்தது. கௌரியின் விரல்களில் பேக்கிங் டேப்பின் பசை ஒட்டியிருந்ததால் பேனாவை வைத்தாலும் அது கையை விட்டு வரவில்லை. என் கையில், இரும்பு பீஸ்களில் ஒட்டிவரும் கட்டிங் ஆயில் வாடை. எலுமிச்சை சாதம் சாப்பிட்டாலும் எனக்கு அந்த வாடைதான் முதலில் வரும்.

நான் கொஞ்சம் யோசித்து, "ரெண்டும் ஆறும்," என்றேன்.

"பெருக்கினா?"

"பன்னெண்டு."

"கூட்டினா?"

"எட்டு."

"நான் ஏழு கேட்டேன்."

"ஒண்ணுதானே கூட. டாலரன்ஸ்ல வந்துரும்."

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பதினேழு வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான். இரும்பு பீஸ் ஒவ்வொன்றையும் அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று பிரித்துப் போடுவது என் வேலை. எந்த அளவும் ஒரு மயிரிழை கூடலாம், ஒரு மயிரிழை குறையலாம் என்று வரைபடத்திலேயே போட்டிருப்பார்கள். அந்தச் சலுகைக்குப் பெயர் டாலரன்ஸ். உலகத்தில் எல்லாவற்றுக்கும் அது உண்டு என்று நம்பிவிட்டேன்.

கௌரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கணக்குல அதெல்லாம் கெடையாதுடி. ஒண்ணு தப்புன்னா மொத்தமும் ரிஜெக்ட்."

முதலில் ஒரு திருத்தம்

இந்த வாரப் பத்திரிகையில் நான் எழுதும் தொடரின் முதல் வாரத்தில், "பத்தாவது முடித்துவிட்டு வேலைக்கு வந்தேன்" என்று எழுதியிருந்தேன். குமணன்சாவடியிலிருந்து ஒரு வாசகி, பத்தாவது வரை படித்துவிட்டு இவ்வளவு எழுதுகிறீர்களே என்று பாராட்டிக் கடிதம் போட்டிருக்கிறார். அம்மா, மன்னிக்க வேண்டும். அந்த வரி பொய். வேண்டுமென்று எழுதவில்லை, பழக்க தோஷத்தில் கை தானாக எழுதிவிட்டது.

வேலைக்கு வந்தபோது நான் பத்தாவதில் பெயில். மற்றப் பாடமெல்லாம் தேறிவிட்டேன். கணக்கில் முப்பத்தொன்று. நாலு மதிப்பெண் போதவில்லை.

எப்படிப் பெயிலானேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் கணக்கை மனப்பாடம் செய்தேன். சிரிக்காதீர்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான். வரலாற்றை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வருகிறது, தமிழ்ச் செய்யுளை மனப்பாடம் செய்தால் வருகிறது, கணக்கு மட்டும் என்ன பெரிய இதுவா என்று நினைத்தேன். புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளை முதல் வரியிலிருந்து விடை வரைக்கும் ஒரு புள்ளி விடாமல் எழுதுவேன். காலையில் பைபிள் வசனம் சொல்கிற மாதிரி, இருபடிச் சமன்பாட்டையும் கண்ணை மூடிச் சொல்வேன்.

பரீட்சையில் எண்களை மாற்றிக் கேட்டுவிட்டார்கள்.

நான் கேள்வியின் முதல் வரியை அப்படியே எழுதிவிட்டு, அதற்குக் கீழே புத்தகத்தில் இருந்த எண்களை வைத்து முடித்தேன். திருத்தியவர் என்ன நினைத்திருப்பார் என்று இன்றைக்கும் தோன்றும். கேள்விக்கும் பதிலுக்கும் சொந்தமே இல்லை.

கேட்டாண்ட நின்ற வரிசை

திருமணமாகிக் கோவில்பதாகைக்கு வந்து ஆறேழு மாதம் இருக்கும். எஸ்டேட்டில் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கம்பெனி கேட்டுக்கு வெளியே முப்பது நாற்பது பேர். சூப்பர்வைசர் ஒருவர் வந்து, "டென்த் பாஸ் பண்ணவங்க இந்தப் பக்கம், மத்தவங்க அந்தப் பக்கம்," என்றார்.

கால் அந்தப் பக்கம்தான் போயிருக்க வேண்டும். இந்தப் பக்கம் வந்துவிட்டது. நாலு மதிப்பெண்தானே என்று நினைத்தேனோ என்னவோ. வரிசையில் நான் முதல் ஆள்.

எனக்குப் பின்னால் நின்றவள் மஞ்சள் கவர் ஒன்றை நெஞ்சோடு வைத்திருந்தாள். அதற்குள் சான்றிதழும் அதன் ஜெராக்ஸ் மூன்று பிரதியும். அவள்தான் கௌரி. பருத்திப்பட்டில் ஏரிப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். நிலம் எல்லாம் மனையாகிவிட்ட சமயம் அது. கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கியவள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு ஆள்," என்று சூப்பர்வைசர் முதலில் நின்ற என்னை உள்ளே கூப்பிட்டார். "சர்டிபிகேட்?" என்றார். "நாளைக்குக் கொண்டாரேன் சார்," என்றேன். அந்த நாளை வரவேயில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

கௌரியைப் பேக்கிங்கில் போட்டார்கள். நான் அளந்து அனுப்பும் பீஸ்களை அவள் பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டித் தூக்கி வைப்பாள். நாங்கள் இருவரும் ஒரே வயது. முதல் வாரத்திலேயே வாடி போடி ஆகிவிட்டது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது பதினேழு வருடம் ஓடியது. அதற்காக நான் கெட்டிக்காரி இல்லை, கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பிரவீன் சார் கேட்ட ஜெராக்ஸ்

கேட்க ஆள் வந்தார். போன வருடம் பொங்கல் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். புதிதாக வந்த அலுவலக மேலாளர் பிரவீன். முப்பது வயதுகூட இருக்காது, எல்லாரையும் அக்கா, அண்ணா என்று கூப்பிடும் நல்ல பிள்ளை. "ஸ்டெல்லாக்கா, உங்க ஃபைல்ல டென்த் சர்டிபிகேட் காப்பி இல்லையே. கஸ்டமர் ஆடிட் வருது. இன்ஸ்பெக்டருங்க எல்லாருக்கும் ப்ரூஃப் கேக்கறாங்க," என்றார்.

"ஊட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப போயிடுச்சு சார்."

வாயைத் திறந்தால் பொய் வந்து விழுகிறது பாருங்கள். தண்ணீர் வந்தது உண்மை. ஆனால் அது கொண்டுபோனது ஒரு பாயையும் இரண்டு தலையணையையும் மட்டும்தான்.

"பரவால்லக்கா. டூப்ளிகேட் வாங்கிக் குடுங்க. ஆடிட்டுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு. ப்ரூஃப் இல்லன்னா மேசையில உக்கார வைக்க முடியாது, அது மட்டும்தான்."

அது மட்டும்தான். மேசையை விட்டு எழுப்பினால் பேக்கிங் அல்லது வாசல். ஏன் எழுப்பினார்கள் என்று ஊர் முழுக்கக் கேட்கும். பதினேழு வருடமாக நான் யார் என்று சொல்லிக்கொண்டிருந்தேனோ அது இல்லாமல் போகும்.

விசாரித்தேன். பெயிலான பாடத்தை மட்டும் தனித்தேர்வராக எழுதலாம், ஆனால் புதுப் பாடத்திட்டம் என்றார்கள். அன்று மாலையே, அப்போது ஒன்பதாவது படித்த என் மகள் ஜெனியின் அத்தை வீட்டில் இருந்த பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தேன். திறந்ததும் மூடிவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோம் என்று புரிந்தது.

எனக்குத் தெரிந்தவர்களில் கணக்குத் தெரிந்த ஒரே ஆள் கௌரி. அவளிடம் போய் எனக்குச் சொல்லிக்கொடு என்று கேட்க எந்த வாயால் முடியும்? ஜெனிக்காக என்று சொன்னேன். "அடுத்த வருஷம் பத்தாவது. நான்தான் சொல்லிக்குடுக்கணும். எனக்கு எல்லாம் மறந்துபோச்சு."

"டியூசன்ல போடேன்," என்றாள்.

"நான் சொல்லித் தந்தாத்தான் கேப்பா."

"சரி உடு. காரணிப்படுத்துறதுல இருந்து ஆரம்பிப்போம். அது வந்துட்டா அல்ஜீப்ரா பாதி வந்தாப்ல," என்றாள். மறுநாள் மதியம் பெட்டி மூடியைக் கிழித்தாள்.

இரண்டு முனை

டாலரன்ஸ் கதையைக் கேட்டுக் கௌரி பேக்கிங் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். ஒரு வாரம் என்னை எல்லாரும் 'டாலரன்ஸ்' என்றே கூப்பிட்டார்கள். ஆனால் எனக்கு விஷயம் பிடிபட்டது என் மேசையில்தான்.

பீஸில் இருக்கும் துளையைப் பார்க்க எங்களிடம் ப்ளக் கேஜ் என்று ஒன்று உண்டு. பேனா நீளத்தில் ஒரு எஃகுத் தண்டு. பச்சை முனை துளைக்குள் போக வேண்டும். சிவப்பு முனை போகக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால்தான் பீஸ் பாஸ். பச்சை முனையை மட்டும் விட்டுப் பார்த்துவிட்டுத் தட்டில் போடுகிறவளை நான் மேசையில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

நான் கணக்கில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பெருக்கிப் பார்த்தேன், பன்னிரண்டு வந்தது, தட்டில் போட்டுவிட்டேன். கூட்டிப் பார்க்கவே இல்லை.

மறுநாள் கௌரியிடம் சொல்லாமலே பெட்டி மூடியில் வரிசையாக எழுதினேன். ஒன்றும் பன்னிரண்டும், இரண்டும் ஆறும், மூன்றும் நான்கும். மூன்று ஜோடியும் பெருக்கலில் பாஸ். இனி ஒவ்வொன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டியதுதான். பதின்மூன்று, ரிஜெக்ட். எட்டு, ரிஜெக்ட். ஏழு.

மூன்றும் நான்கும். பெருக்கல் குறியின் இரு பக்கத்திலும் அவற்றை எழுதி, கௌரி காரணிப்படுத்தக் கொடுத்திருந்த x² + 7x + 12-க்கு விடையாக (x + 3)(x + 4) என்று கீழே போட்டேன்.

"பெருக்கிப் பாரு, திரும்ப அதே வருதான்னு," என்றாள் கௌரி.

வந்தது. x² + 7x + 12. முப்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒரு கணக்கு என் கையால் முடிந்தது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இவளிடம் காட்டக் கூடாதே என்று டிபன் பாக்ஸைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

இரண்டு மைனஸ்

அடுத்தது மைனஸ். பெருக்கினால் பன்னிரண்டு, கூட்டினால் மைனஸ் ஏழு. மைனஸ் மூன்றும் மைனஸ் நான்கும் என்றாள் கௌரி. எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"ரெண்டு ரிஜெக்ட் பீஸு சேந்தா ஒரு ஓகே பீஸு ஆயிடுமா? இன்னாடி கணக்கு இது."

"பள்ளிக்கூடத்துல சொல்லித் தரல?"

"ரூல்னு சொன்னாங்க."

"அதான் உனக்கு மண்டைல நிக்கல." அவள் புது அட்டை ஒன்றை எடுத்தாள். ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினாள். மூன்று பெருக்கல் மைனஸ் நாலு, மைனஸ் பன்னிரண்டு. இரண்டு பெருக்கல் மைனஸ் நாலு, மைனஸ் எட்டு. ஒன்று, மைனஸ் நாலு. பூஜ்யம், பூஜ்யம். "வெட எப்டி ஏறிகினே வருது பாரு. எத்தினி எத்தினியா ஏறுது?"

"நாலு நாலா."

"இப்ப பூஜ்யத்துக்கு அடுத்து மைனஸ் ஒண்ணு. மைனஸ் ஒண்ணு பெருக்கல் மைனஸ் நாலு. ஏறிகினே வந்தது திடீர்னு எறங்குமா?"

நான் பார்த்தேன். மைனஸ் பன்னிரண்டு, மைனஸ் எட்டு, மைனஸ் நாலு, பூஜ்யம். அடுத்தது நாலு. பிளஸ் நாலு. வேறு எதுவும் அங்கே வர வழியே இல்லை.

இவளை எதற்காகப் பெட்டி ஒட்ட வைத்தார்கள் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. எதற்காக என்று எனக்குத் தெரியாதா என்ன. நான்தான் காரணம். ஆனால் தெரிந்திருப்பது வேறு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்கும்போது உறைப்பது வேறு. அன்று மதியம் அவள் பதினெட்டுக் கிலோ பெட்டியைத் தூக்கும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்று

இரண்டு மாதத்தில் x²-க்கு முன்னால் எண் நிற்கும் கணக்குகளுக்கு வந்துவிட்டோம். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பெருக்கி மேல் இடுக்கில் போட வேண்டும், நடு எண்ணைக் கீழே. கிடைக்கும் ஜோடியை வைத்து நடு உறுப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அப்புறம் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பொதுவை வெளியே எடுக்க வேண்டும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கவிழ்ந்தேன். முதல் இரண்டில் பொது இருக்கும், எடுத்துவிடுவேன். பின் இரண்டில் பொது எதுவும் இருக்காது. ஒன்றுமில்லையே என்று அதை அப்படியே விட்டுவிடுவேன். கணக்கு நட்டாற்றில் நிற்கும்.

"ஒண்ணுமில்லன்னா ஒண்ணு போடணும்டி," என்று கௌரி தலையில் அடித்துக்கொள்வாள். "பொது இல்லாத எடத்துல ஒண்ணு கீது. நீதான் அத எழுதணும். தானா வந்து குந்தாது."

ஜெனி எப்படிப் போடுகிறாள் என்று நடுநடுவே கேட்பாள். நல்லாப் போடுறா என்பேன். ஒரு நாள் தன் வீட்டிலிருந்து பழைய வினாத்தாள் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து, "பொண்ணுகிட்ட குடு," என்றாள். அதை வாங்கிக்கொண்டேன். என்னத்தைச் சொல்ல.

லேமினேட் செய்யப்பட்ட சான்றிதழ்

ஏப்ரலில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு இன்னொரு ஆள் வேண்டும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். மறுநாள் கௌரி லேமினேட் செய்த தன் சான்றிதழைக் கொண்டுவந்தாள். "பாரு, மஞ்சளாவே ஆவல," என்று என் கையில் கொடுத்தாள்.

நான் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தேன். தேர்வெழுதிய மாதமும் ஆண்டும் அச்சாகியிருந்தன.

நான் பாஸ் செய்து வாங்கப்போகும் தாளிலும் மாதமும் ஆண்டும் இருக்கும். இந்த வருடம் என்று இருக்கும். அதைப் பிரவீன் சார் மேசையில் வைத்தால், பதினேழு வருடம் பொய் சொன்னேன் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. பெயிலானாலும் மாட்டுவேன், பாஸானாலும் மாட்டுவேன். மூளை இருக்கிற எவளுக்கும் இது முதல் நாளே தோன்றியிருக்கும். நான் கணக்குப் போடுகிற சந்தோஷத்தில் இதை யோசிக்கவே இல்லை.

நாலு நாள் ஷெட்டுக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் கௌரி மேசைக்கே வந்தாள்.

"இன்னாடி, பொண்ணுக்குப் பாடம் வேணாமா?"

"வா, சொல்றேன்," என்று ஷெட்டுக்குக் கூட்டிப்போனேன். "கௌரி, ஜெனிக்கு இல்ல. எனக்குத்தான்."

"இன்னா உனக்கு?"

"கணக்கு. நான் பத்தாவது பாஸ் பண்ணல. முப்பத்தொண்ணு."

அவள் சிரித்தாள். "அடச்சீ, இதுக்கா மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற? மொதல்லியே சொல்றதுக்கு இன்னா."

"வேலைக்கு வந்த அன்னிக்கு, கேட்டாண்ட, நான் பாஸுன்னு சொல்லி முன்னாடி நின்னேன். எனக்குப் பின்னாடி நீ நின்ன."

சிரிப்பு அவள் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு இல்லை.

"அப்ப அந்த எடம்?"

"உன்னுது."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பதினேழு வருசம் பொட்டி தூக்கிகினு கீறேன்டி நான்," என்றாள். "தோளப்பட்ட போயிடுச்சு. தல வார கையத் தூக்க முடியல." டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று வீட்டில் என் கணவர் சேவியரிடமும் சொன்னேன். அவருக்கும் நான் பத்தாவது பாஸ்தான். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "தெரியுமே. பொண்ணு பாக்க வந்தப்பவே உங்கம்மா சொன்னாங்க, கணக்குல மட்டும் கோட்ட உட்டுடுச்சுன்னு," என்றார். இந்த மனுஷனிடமா இத்தனை வருடம் பயந்தேன் என்று இருந்தது.

நீயே போய்ச் சொல்லு

ஒரு வாரம் கௌரி என்னோடு பேசவில்லை. நான் பீஸ் தட்டை நீட்டுவேன், அவள் தட்டைப் பார்த்து வாங்கிக்கொள்வாள். ஏதாவது திட்டினால் தேவலை என்று இருந்தது.

திங்கட்கிழமை மதியம் ஷெட்டில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தாள். கையில் அட்டை.

"பரிச்சைக்கு இன்னும் எத்தினி நாள் கீது?"

"இருவத்திரெண்டு."

"வரைபடக் கணக்கு எட்டு மார்க்கு. அத இன்னும் நாம தொடவேயில்ல. பேனாவ எடு."

"ஏன் கௌரி?" என்று கேட்டுவிட்டேன்.

"உன் மேல பாசம் பொத்துகினு ஊத்துதுன்னு நெனைக்காத." அவள் அட்டையில் கோடு போட்டுக்கொண்டே பேசினாள். "பெயிலான ஒருத்தி என் எடத்துல பதினேழு வருசம் குந்திகினு இருந்தான்னா எனக்குத்தான் கேவலம். பாஸ் பண்ணு. அப்பால அந்தப் பேப்பர எடுத்துகினு நீயே போயி அந்த சாராண்ட சொல்லு. நடந்தது எல்லாத்தையும். நான் சொல்ல மாட்டேன்."

"வேல போயிடும்டி."

"போவட்டும். போவாமயும் இருக்கட்டும். நீ சொல்லு."

அதற்கு மேல் அவள் கணக்கைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. இருபத்திரண்டு நாளும் அப்படித்தான். இவ்வளவு பயத்தோடு நான் எதையும் படித்ததில்லை, இவ்வளவு நன்றாகவும் படித்ததில்லை.

ஆவடியில் ஒரு காலை

தேர்வு மையம் ஆவடியில் ஒரு பள்ளிக்கூடம். வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "டீச்சர், ஸ்டாஃப் ரூம் அந்தாண்ட," என்றார். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். பாவம், அவருக்கு என்னைவிட வெட்கமாகிவிட்டது.

ஐந்து மதிப்பெண் பகுதியில் அது இருந்தது. 6x² − 7x − 3 = 0, காரணிப்படுத்தித் தீர்க்க. இது புத்தகத்தில் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

வினாத்தாளின் ஓரத்தில் பெருக்கல் குறி போட்டேன். மேலே மைனஸ் பதினெட்டு, கீழே மைனஸ் ஏழு. ஜோடிகளை எழுதி ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டினேன். மைனஸ் ஒன்பதும் இரண்டும். பெருக்கிப் பார்த்தேன், கூட்டியும் பார்த்தேன். நடு உறுப்பைப் பிரித்தேன். முதல் இரண்டில் பொது 3x. பின் இரண்டில் ஒன்றுமில்லை. அங்கே 1 என்று எழுதினேன், கொஞ்சம் அழுத்தியே எழுதினேன்.

(3x + 1)(2x − 3). திரும்பப் பெருக்கினேன். கேள்வி அப்படியே வந்து நின்றது. இரண்டு விடைகளையும் எழுதிக் கோடு போட்டேன்.

முடிவு வந்தபோது ஐம்பத்தாறு. ஜெனி போனில் பார்த்துச் சொன்னாள். நான் இரண்டு தடவை சொல்லச் சொன்னேன்.

பழைய கதை

மதிப்பெண் தாளைப் பிரவீன் சாரிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். ஆண்டைப் பார்த்ததும் புருவம் ஏறியது. நான் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டில் நின்ற வரிசை, பின்னால் நின்றவள், நாளைக்குக் கொண்டாரேன் சார், தண்ணீர் வந்தது, எல்லாம். கௌரியின் பெயரைச் சொல்லும்போது அழுதும் விட்டேன்.

அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "அக்கா, இங்க பாருங்க. டென்த் பாஸ், எஸ் ஆர் நோ. அவ்ளோதான் இதுல கட்டம். வருஷம் போட இடமே இல்ல. எஸ் போட்டுட்டேன். அந்தப் பழைய கதை எல்லாம் யாரும் கேக்கப் போறதில்ல. நல்லா எழுதியிருக்கீங்க, கங்கிராட்ஸ். கௌரியக்காவும் ஒண்ணாந்தேதியில இருந்து இன்ஸ்பெக்‌ஷன் வராங்க."

வெளியே வந்தேன். தண்ணீர் டிரம் பக்கத்தில் கௌரி நின்றுகொண்டிருந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன். எல்லாத்தையும்."

"இன்னா சொன்னாரு?"

"பழைய கதை, யாரும் கேக்க மாட்டாங்கன்னாரு."

"அவருக்குப் பழைய கதை," என்றாள் கௌரி.

கையை நீட்டினாள். மதிப்பெண் தாளைக் கொடுத்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, மேலிருந்து கீழே வரை மெதுவாகப் படித்தாள். என் பெயர், என் அப்பா பெயர், பிறந்த தேதி, பதிவெண், ஐம்பத்தாறு. திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"இதுல எங்கியும் என் பேரு இல்ல பாரு," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேக்கிங்குக்குப் போனாள். நான் அங்கேயே நின்றேன்.

இப்போது எங்கள் மேசைகள் எதிரெதிரே இருக்கின்றன. பேசுகிறோம், சில நாள் பேசுவதில்லை. போன மாதம் அவளிடம், "நம்ம கதைய வாரப் பத்திரிகைல எழுதப் போறேன். உன் பேர மாத்திப் போட்டுறவா?" என்று கேட்டேன்.

அவள் கையிலிருந்த பீஸைப் பார்த்துத் தட்டில் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"மாத்தாத. இனிஷியலோட போடு."

எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஏ. கௌரி, பருத்திப்பட்டு.